கிராமத்து ஹால்ட் ஸ்டேஷன்: டிக்கெட் கணக்கிலிருந்து தேர்க்கலசம் வரை

ஒத்தையடிப்பாதை

நாலு பாசஞ்சர் மட்டும் நின்று போகிற ஹால்ட்டுகளுக்காக இந்த இழை. மீட்டர்கேஜ் இருந்தவரை ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், கிராசிங் லைன் என்று களையாக இருந்த பல ஊர்களில் அகலப்பாதை வந்த பிறகு ஒரு கொட்டகையும் மஞ்சள் பலகையும்தான் மிச்சம். கிராம சபையில் தீர்மானம் போடும்போது எல்லா ஊரும் ஒரே மனுவை எழுதுகிறது: எக்ஸ்பிரஸ் நிற்கணும், பிளாட்பாரத்தை உயர்த்தணும், சுரங்கப்பாதையில் தண்ணி நிற்கக்கூடாது. கோட்ட அலுவலகத்திலிருந்து வரும் பதிலும் ஒரே வரிதான்: "போதிய வருவாய் இல்லை."

அந்த வருவாய்க் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? வண்டியில் ஏறுகிற கூட்டம் ஏன் அந்தக் கணக்கில் வருவதில்லை? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "நம் ஊரின் அடையாளம்" என்கிற பேச்சு மட்டும் வேண்டாம், அது எல்லா மனுவிலும் இருக்கிறது.

பச்சைக்கொடி

முதலில் வகை. 2017-இல் வந்த வகைப்பாட்டில் ஹால்ட்டுகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எச்.ஜி.1 என்றால் ஆண்டு வருமானம் 50 லட்சத்துக்கு மேல் அல்லது புறப்படும் பயணிகள் 3 லட்சத்துக்கு மேல். எச்.ஜி.2 என்றால் 5 முதல் 50 லட்சம் ரூபாய், அல்லது 1 முதல் 3 லட்சம் பயணிகள். அதற்குக் கீழே எல்லாம் எச்.ஜி.3. கிராமத்து ஹால்ட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வரிசை.

இதில் "புறப்படும்" என்ற சொல்லைக் கவனிக்கணும். டவுனுக்குப் போய் சாயங்காலம் திரும்பி வருகிறவர் எடுத்த டிக்கெட் ஜங்ஷன் கணக்கில் ஏறும். உங்கள் ஹால்ட்டுக்கு காலையில் எடுத்தது மட்டும்தான். அதையும் எடுக்காமல் ஏறி, இறங்குகிற இடத்தில் சமாளித்துக்கொண்டால், ஏட்டில் அந்த ஆள் வண்டி ஏறவே இல்லை.

ஏட்டை எழுதுகிறவர் ஹால்ட் ஏஜெண்ட். அவர் ரயில்வே ஊழியர் இல்லை, கமிஷனுக்கு விற்பவர். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் முன்பணம் கட்டி டிக்கெட் வாங்கி வருவார். அட்டை டிக்கெட் புழங்கிய இடங்களில் முறை இதுதான்: ஒவ்வொரு ஊருக்கும் தனிக்கட்டு, வரிசை எண் போட்டிருக்கும், சின்ன எண்ணிலிருந்து விற்கணும். வண்டி போன பிறகு கட்டின் மேலே நிற்கும் எண்ணிலிருந்து காலையில் நின்ற எண்ணைக் கழித்தால் விற்பனை. சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கெட் என்றால் அட்டையின் ஒரு மூலையை வெட்டிக் கொடுத்துவிட்டு, வெட்டிய துண்டைக் கணக்குக்கு வைத்துக்கொள்வார்கள். கட்டு இல்லாத ஊருக்கு வெற்றுத்தாள் டிக்கெட் எழுதித் தரணும். அது கைவேலை. கூட்ட நேரத்தில் ஏஜெண்ட் அதை விரும்பமாட்டார், கட்டு இருக்கிற ஊருக்கே கொடுத்து அனுப்பிவிடுவார்.

இப்போது சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், பத்து ரூபாய் டிக்கெட்டில் வரும் கமிஷன் சில்லறைக் காசு. தினமும் நாலு வண்டிக்கு ஆளிருக்கணும், கொட்டகையைப் பெருக்கணும், விளக்குப் போடணும். ஏஜெண்ட் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் போய்விடுவார். புது ஏஜெண்ட் வர மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் விற்பனை பூஜ்யம். அடுத்த ஆய்வில் "பயணிகளே இல்லை" என்று அந்தப் பூஜ்யத்தையே எடுத்துக் காட்டுவார்கள். ஹால்ட்டுகள் மூடப்படுகிற வழக்கமான பாதை இது. ஊர் விழித்துக்கொள்ள வேண்டிய நாள் ஏஜெண்ட் போன நாள். மூடும் அறிவிப்பு வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

நெடுவழி

சுருக்கமாக எதிர்க்கருத்து: பஸ் இருக்கும்போது ஹால்ட் எதற்கு? தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. ரயிலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் காட்டுவழியில் நடந்து போகணும். எந்தக் கணக்கு வந்து இதை மாற்றும்?

பச்சைக்கொடி

நெடுவழி சார் சொல்வது நியாயம்தான், ஆனால் பாதிதான். அதற்கு முன்பே ஒரு அடி விழுந்தது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களை ஸ்பெஷல் என்று பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணோடு ஓட்டினார்கள், குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. எட்டு கிலோமீட்டருக்கு 30 ரூபாய் கொடுத்து யார் ஏறுவார்கள்? 2024 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி 10 ஆனது. பூஜ்யம் போய் 5, 6, 7-இல் தொடங்கும் பழைய மாதிரி எண்கள் 2025 ஜனவரி 1 அட்டவணையில் திரும்பின. இடைப்பட்ட ஆண்டுகளில் பஸ்ஸுக்குப் பழகியவர்களுக்குக் கட்டணம் குறைந்த சேதியே போய்ச் சேரவில்லை. கொட்டகைச் சுவரில் "டவுனுக்கு ரூ.10" என்று பெரிதாக எழுதி வைப்பதைவிட மலிவான விளம்பரம் கிடையாது. அனுமதி வாங்கி எழுதுங்கள்.

பாதை மாற்றத்துக்காக மூடிக் கிடந்த வழித்தடங்களில் இன்னும் மோசம். மதுரை–போடி பாதை 2010 டிசம்பர் 31-ஓடு நின்றது. தேனி வரை 2022 மே மாதம்தான் வண்டி வந்தது, போடிக்கு 2023 ஜூன். பதினோரு வருடத்தில் ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் ரயில் நேரமே தெரியாமல் வளர்ந்துவிட்டார்கள்.

கைகாட்டி

ஒத்தையடிப்பாதை கேட்டதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மீட்டர்கேஜ் காலத்தில் அந்த ஸ்டேஷன் ஏன் இருந்தது என்று பாருங்கள்.

ஒற்றைப்பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கான உத்தரவாதம் நீல் பால் டோக்கன். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சிவப்புப் பெட்டி, அதற்குள் இரும்பு உருண்டைகள். அடுத்த ஸ்டேஷன்காரர் அங்கிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் இங்கே உருண்டை வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது அங்கே போய்ச் சேர்ந்து பெட்டிக்குள் விழும்வரை இரண்டு பெட்டியும் பூட்டு. அந்த உருண்டையைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் எஞ்சினில் நீட்டுவார்கள். டிரைவர் கையில் அது இல்லாமல் வண்டி அடுத்த அடி நகரக்கூடாது. ஆகவே ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன், ஆள், எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட (அதுதான் கிராசிங்) லூப் லைன் எல்லாம் ரயில்வேக்கே தேவைப்பட்டன. ஊர்க்காரர் நாலு பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் ஸ்டேஷன் நிற்கும்.

அகலப்பாதையில் வண்டி முழுசாகக் கடந்துவிட்டதா என்று சக்கரங்களை எண்ணிச் சொல்லும் ஆக்ஸில் கவுண்டர் வந்தது, பொத்தானிலேயே சிக்னல் போடும் பேனல் வந்தது, வண்டி எண்ணிக்கையும் குறைவு. கிராசிங் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு ஒன்று போதும் என்றானதும் நடுவில் இருந்தவற்றின் லூப் லைனைப் பிடுங்கி ஹால்ட் ஆக்கினார்கள். இப்போது அந்த இடம் ரயில்வேயின் இயக்கத்துக்கு எந்த வகையிலும் தேவையில்லை. பயணிகள் மட்டும்தான் அது இருப்பதற்கான காரணம். அதனால்தான் டிக்கெட் எண்ணிக்கைக்கு இவ்வளவு மரியாதை.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். "வண்டியை எங்கள் ஊரில் நிறுத்தி கிராசிங் விடலாமே, சும்மா வழியில் நிற்கிறதே" என்று மனு போடாதீர்கள். லூப் இல்லாத இடத்தில் கிராசிங் நடக்காது. மனுவைப் படிப்பவர் அந்த வரியோடு மூடி வைத்துவிடுவார்.

ஒத்தையடிப்பாதை

அப்படியானால் எக்ஸ்பிரஸ் நிறுத்தம் கேட்பதே வீணா, அண்ணே?

கைகாட்டி

ஹால்ட்டுக்குக் கேட்பது பெரும்பாலும் வீண். காரணம் அரசியல் இல்லை, நீளம்.

எக்ஸ்பிரஸ்களில் இப்போது வரும் எல்.எச்.பி. வகைப் பெட்டி ஒன்று 24 மீட்டர். 22 பெட்டி போட்டால் 528 மீட்டர், எஞ்சினோடு 550 தொடும். ஹால்ட் பிளாட்பாரம் எட்டுப் பெட்டி மெமுவுக்காக (குறுந்தூர மின்சார ரயில்) போட்டது, 180, 200 மீட்டர் இருந்தால் அதிகம். பாக்கிப் பெட்டிகள் ஜல்லிமேல் நிற்கும். அதிலும் முன்பதிவில்லாப் பெட்டிகள் வண்டியின் இரண்டு நுனியிலும்தான் இருக்கின்றன. உங்கள் ஊர்க்காரர் ஏற வேண்டிய பெட்டி சரியாக பிளாட்பாரத்துக்கு வெளியே நிற்கும்.

அடுத்தது நேரம். ஒரு நிமிட நிறுத்தம் என்பது வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடிக்க நாலைந்து நிமிடத்தைத் தின்னும். ஒற்றைப்பாதையில் அந்த நாலு நிமிடம் எதிரே வருகிற வண்டியையும் தள்ளும். மெமுவுக்கு இது குறைவு. மோட்டார் பெட்டிகள் வண்டி நெடுகப் பிரிந்திருப்பதால் சட்டென்று வேகம் பிடிக்கும்.

புது எக்ஸ்பிரஸ் நிறுத்தம் கொடுத்தாலும் சோதனை முறையில் ஆறு மாதம் என்றுதான் கொடுப்பார்கள், அதற்குள் விற்பனை காட்டணும். இருக்கிற பாசஞ்சரை நாற்பது நிமிடம் முன்னே தள்ளச் சொல்வது இதைவிடப் பலனுள்ள கோரிக்கை. டவுனில் 9:20-க்கு இறக்கிவிடுகிற வண்டி பள்ளிக்கும் உதவாது, அலுவலகத்துக்கும் உதவாது. 8:40 ஆனால் சீசன் டிக்கெட் தானாக ஏறும். எந்த வண்டி, இப்போதைய நேரம், கேட்கும் நேரம், அதனால் எந்த ஸ்டேஷனில் எந்தக் கிராசிங் மாறும் என்று நாலு வரியில் எழுதி, புது அட்டவணைக்கு நாலைந்து மாதம் முன்பே கோட்ட இயக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள். கோட்டப் பயணிகள் ஆலோசனைக் குழுவில் உங்கள் பகுதி உறுப்பினர் யாரென்று பார்த்து அவர் வழியாகவும் போகட்டும்.

சந்தைப்பேட்டை

சீசன் பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன். கூடைக்காரப் பெண்கள் தினமும் போகிறார்கள், ஒருவரிடமும் சீசன் இல்லை. பூவும் கீரையும் பஸ்ஸில் ஏற்றினால் நடத்துநரோடு வாக்குவாதம், ரயிலில் அந்த வாக்குவாதம் குறைவு. ரயில்தான் அவர்களுக்கு ஒத்துவரும்.

பச்சைக்கொடி

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான இடம், சந்தைப்பேட்டை அக்கா.

ஒரு மாத சீசனை ரயில்வே புள்ளிவிவரத்தில் 50 பயணமாகக் கணக்கு வைக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 150. உண்மையில் எத்தனை நாள் போனார் என்று யாரும் எண்ணுவதில்லை. அதாவது ஹால்ட் பெயரில் எடுத்த 40 சீசன், மாதத்துக்கு 2,000 பயணம். இதே 40 பேர் நினைத்தால் டிக்கெட், நினைக்காவிட்டால் இல்லை என்று போனால் ஏட்டில் நாளுக்குப் பத்துப் பேர்கூடத் தேறாது.

விலையிலும் இறக்கம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு மாதக் கட்டணத்தின் 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4, ஒரு வருடத்துக்கு 10.8. கூடை வியாபாரத்தில் மொத்தமாகப் பணம் புரட்டுவது கஷ்டம், மாதச் சீசனிலேயே தொடங்கலாம்.

பலர் தவறவிடுவது: சீசனை ஜங்ஷன் கவுண்டரில் எடுக்கும்போது "ஜங்ஷனிலிருந்து ஹால்ட்" என்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் செல்லும் என்பதால் வாங்குகிறவரும் பார்ப்பதில்லை. புறப்படும் இடத்தில் ஹால்ட் பெயர் இருக்கணும் என்று சொல்லி வாங்கணும். ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுத்தாலும் அப்படியே. பெயரைத் தட்டினால் வராவிட்டால் நிலையக் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள், மஞ்சள் பலகையில் இல்லாவிட்டாலும் டிக்கெட்டில் இருக்கும்.

அன்றாட டிக்கெட்டையும் செயலியில் எடுக்கலாம். காகிதமில்லாத டிக்கெட்டைத் தண்டவாளத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு எடுக்கமுடியாது, இருப்பிடத்தைப் பார்த்து மறுத்துவிடும். கொட்டகைக்கு வரும் வழியிலேயே எடுத்துவிடணும். எடுத்த பிறகு 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட டிக்கெட் 3 மணி நேரத்துக்குள் பயணம் தொடங்கணும், அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் வண்டியில். இரண்டு வண்டிதான் போகிற பாதையில் இந்த "முதல் வண்டி" விதி உதவும்.

ஏஜெண்ட் இல்லாத நாளில் செயலியும் கைகொடுக்காவிட்டால், ஏறும் முன் கார்டிடம் சொல்லி அவர் அனுமதியோடு ஏறணும். 2022-இலிருந்து அவர் பதவிப்பெயர் டிரெயின் மேனேஜர், ஊரில் இன்னும் கார்டுதான். சொல்லாமல் ஏறி ஜங்ஷனில் மாட்டினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதல். "ஹால்ட்டில் ஆளில்லை சார்" என்று அங்கே போய்ச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒத்தையடிப்பாதை

ஏட்டில் உள்ள எண்ணிக்கையை ஊர் எப்படித் தெரிந்துகொள்வது?

பச்சைக்கொடி

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலும் போடலாம், கோட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் வரணும். "வருவாய் எவ்வளவு" என்று ஒரே வரியில் கேட்டால் ஒரே எண்ணில் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. கடந்த மூன்று ஆண்டுக்கு மாதவாரியாக: ஹால்ட்டில் விற்ற டிக்கெட் எண்ணிக்கை, தொகை, ஹால்ட்டைப் புறப்படும் இடமாகக் கொண்ட சீசன்கள், செயலி வழி டிக்கெட்டுகள் தனியாக, ஏஜெண்ட் இல்லாமல் இருந்த காலம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. விற்பனை விழுந்த மாதங்களும் ஏஜெண்ட் இல்லாத மாதங்களும் ஒன்றாக இருந்தால், "பயணி இல்லை" என்ற வாதம் அவர்கள் தாளிலேயே உடைந்துவிடும்.

கூடவே ஊரும் ஒரு வாரம் தலை எண்ணலாம். வண்டிவாரியாக ஏறியவர், இறங்கியவர். சந்தை நாளும் ஞாயிறும் அதற்குள் வரணும். ஒரு எச்சரிக்கை: 120 பேர் ஏறுகிறார்கள், டிக்கெட் 15 என்று காட்டும் தாளை மனுவோடு இணைத்து அனுப்பினால், அடுத்த வாரம் நிறுத்தம் வராது, செக்கிங் ஸ்குவாட் வரும். டிக்கெட்டை முதலில் ஏற்றிவிட்டு எண்ணிக்கையை அனுப்புங்கள்.

புது ஏஜெண்டுக்கான அறிவிப்பு பக்கத்து ஸ்டேஷன் பலகையில் ஒட்டப்படும், ஊருக்குத் தெரியாமலேயே தேதி போய்விடும். சுயஉதவிக் குழுவில் உள்ள பெண் ஒருவரைத் தயாராக வைத்திருந்து விண்ணப்பிக்கச் சொல்வதுதான் நடைமுறைக்கு உகந்தது. வெறும் கமிஷனை நம்பி யாரும் நிலைக்கமாட்டார்கள், ஏற்கெனவே அருகில் கடையோ தையலோ வைத்திருப்பவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஜல்லிக்கல்

பிளாட்பாரம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று உயரம். தண்டவாள மட்டத்திலேயே இருப்பது, நடுத்தரம் 455 மில்லிமீட்டர், உயர்மட்டம் 760 முதல் 840 வரை. எல்லாம் தண்டவாளத்தின் தலையிலிருந்து அளப்பது. மட்டத்திலேயே இருக்கும் பிளாட்பாரத்தில் வயதானவர் மெமு ஏறுவது என்றால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான். ஒரு நிமிட நிறுத்தத்தில் பத்துப் பேர் அப்படி ஏற முடியாது. உயர்த்தக் கேட்பது நியாயமான கோரிக்கை.

உயர்த்தும்போது கெட்டுப்போவது எங்கே? மண்ணைக் கொட்டி ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கினால்தான் நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் கல் அமுங்கி, ஓரச்சுவர் தண்டவாளப் பக்கம் சாயும். பாதையின் நடுக்கோட்டிலிருந்து பிளாட்பார விளிம்பு 1,670 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அரை அங்குலம் உள்ளே வந்தாலும் பெட்டி உரசும் ஆபத்து, உடனே வேகக் கட்டுப்பாடு. மேல்தளம் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கணும், 60-க்கு 1. நுனியில் சரிவு 6-க்கு 1.

மேல்தளத் தண்ணீர் பின்பக்கமாக வரும் என்பதால் அங்கே வடிகால் இல்லாவிட்டால் அது நேரே கொட்டகைக்குள் போகும். பழைய மீட்டர்கேஜ் கட்டடத்தை அப்படியே விட்டு பிளாட்பாரத்தை மட்டும் முக்கால் மீட்டர் உயர்த்திய இடங்களில் டிக்கெட் ஜன்னல் முழங்கால் உயரத்தில் கிடக்கும், மழை வந்தால் கட்டடம் தொட்டியாகிவிடும். மதிப்பீடு தயாராகும்போதே கட்டடத் தரைமட்டமும் வடிகாலும் அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிறகு கேட்டால் தனி வேலை, தனி நிதி.

இன்னொன்று. புதுசாகக் கட்டும்போது 840 இருந்தது எட்டு வருடத்தில் 740 ஆகியிருக்கும். பிளாட்பாரம் அமுங்கியது என்று நினைப்பார்கள். உண்மையில் ஜல்லி சேர்த்துப் பாதையை ஒவ்வொரு முறை இறுக்கி மட்டப்படுத்தும்போதும் (பேக்கிங்) தண்டவாளம் ஏறிக்கொண்டே போகும். இதை அளக்க ஊர்க்காரர் யாரும் பாதையில் இறங்கவேண்டாம், ரயில்வே சட்டம் 147-இல் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பகுதியின் பாதைப் பொறியாளருக்கு எழுதினால் அவர்கள் பதிவேட்டிலேயே அளவு இருக்கும்.

நிதி இல்லை என்பார்கள். எம்.பி. தொகுதி நிதியில் ஹால்ட் வேலைகள் செய்யலாம். கொட்டகை, இருக்கை, குடிநீர் மாதிரியான சின்ன வேலைகளுக்கு அதுதான் சீக்கிரமான வழி. வேலையை ரயில்வேதான் செய்யும், பஞ்சாயத்து ஒப்பந்தக்காரர் வந்து தூண் நட முடியாது.

சந்தைப்பேட்டை

சோலார் விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகட்டுக்கு மேலே வேப்பமரம், கேட்டால் விளக்கு எரியவில்லை. பேட்டரி மாற்றுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் எந்த விளக்கும் வேண்டாம்.

ஜல்லிக்கல்

சரியான வார்த்தை. கூடவே சீமைக்கருவேலம். ஹால்ட் வருவதை டிரைவருக்கு முன்கூட்டிச் சொல்லும் பலகையை அது மூடிவிட்டால், இரவில் வண்டி பிளாட்பாரம் தாண்டிப் போய் நிற்கும். ரயில்வே உதவி எண் 139-க்குப் புகார் செய்யும்போது மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணைச் சொன்னால் வேலை நடக்கும். "ஊருக்குக் கிழக்கே" என்றால் நடக்காது.

நெடுவழி

ரயில்வே வந்து ஊரைப் பிரித்த கதையையும் பேசுங்கள். கேட்டை மூடி சுரங்கப்பாதை போட்டார்கள், ஐப்பசி கார்த்திகையில் ஊர் இரண்டாகிவிடுகிறது.

ஜல்லிக்கல்

சுரங்கப்பாதையில் நிற்கும் தண்ணீர் மூன்று வகை. எது என்று கண்டுபிடிக்காமல் மோட்டார் கேட்பதுதான் எல்லா ஊரும் செய்வது.

முதல் வகை, நேரே விழும் மழை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பக்கமும் 60 மீட்டர் இறக்கம், 5 மீட்டர் அகலம், மொத்தம் 600 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழைக்கு 30,000 லிட்டர். நிமிடத்துக்கு 500 லிட்டர் தள்ளும் மோட்டார் ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும். இறக்கத்தின்மேல் கூரை போட்டால் இதில் பெரும்பகுதி உள்ளேயே வராது.

இரண்டாவது, வயலிலிருந்தும் தெருவிலிருந்தும் வழிந்து வருவது. இதற்கு எந்த மோட்டாரும் போதாது. இறக்கம் தொடங்கும் இடத்தில் சாலையைச் சுற்றுத் தரையைவிட உயர்த்தி ஒரு மேடு, அதையொட்டிக் குறுக்கே கம்பி வலை போட்ட வடிகால், பக்கச்சுவர் தரைக்கு மேலே நீட்டி இருக்கணும். பிறகு சாலை போடும் துறை தார் மேல் தார் போட்டு அந்த மேட்டைச் சமமாக்கிவிடும், அல்லது வடிகால் வலையை மண் அடைத்துக்கொள்ளும். கூரை போட்டும் தண்ணீர் நிற்கும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இது.

மூன்றாவது, ஊற்று. மழையே இல்லை, வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் தரை ஈரமாகிறது என்றால் கான்கிரீட் பெட்டிகளின் இணைப்பு வழியாகக் கசிகிறது. டெல்டாவில் இது சாதாரணம். இணைப்புகளை அடைக்கணும், சேகரிப்புக் குழி ஆழமாக இருக்கணும், மோட்டார் தானாக ஓடணும்.

மோட்டார் டீசலா மின்சாரமா என்றும் கேளுங்கள். பெருமழை அன்றைக்குத்தான் கரண்ட் போகும்.

புதுசாகச் சுரங்கப்பாதை வருகிறது என்றால் உள்ளே கிடைக்கும் உயரத்தை வரைபடத்திலேயே பாருங்கள். கதிர் அறுக்கும் இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் போகாவிட்டால் அறுவடை நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டிவரும் என்று கணக்கோடு ஆட்சேபம் எழுதுங்கள். கட்டி முடித்த பிறகு உயரத்தைக் கூட்ட வழியே கிடையாது.

கைகாட்டி

கேட் இருக்கிற ஊர்களுக்கு: உங்கள் கேட் இன்டர்லாக் ஆனதா என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்டர்லாக் என்றால் கேட் மூடாமல் சிக்னல் விழாது. இல்லாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் ரகசிய எண் பரிமாறிக்கொள்வதை மட்டும் நம்பி வண்டி வருகிறது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதியது இன்டர்லாக் இல்லாத கேட்டில்தான். அதற்குப் பிறகு, இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து அலகு (கேட்டைக் கடக்கும் ரயில்களையும் சாலை வாகனங்களையும் பெருக்கி வரும் எண்) வரம்பை 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். பழைய கணக்கில் தகுதி இல்லை என்று தள்ளப்பட்ட கேட்டுகள் இப்போது உள்ளே வரலாம். மறுபடி எழுதுங்கள்.

ஆள் இல்லாத கேட்டுகளால் ஒரு பாதையே எப்படி முடங்கும் என்பதற்கு திருவாரூர்–காரைக்குடி. 2019 ஜூனில் டெமு (டீசலில் ஓடும் குறுந்தூர ரயில்) விட்டபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியிலேயே ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னே வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கி மூடுவார், வண்டி தாண்டி நிற்கும், பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். அந்த வண்டியில் யார் சீசன் எடுப்பார்கள்? பிறகு அதே பாதையைப் பார்த்து "ஆதரவு இல்லை" என்பார்கள்.

ஒத்தையடிப்பாதை

நெடுவழி சார் "ஹால்ட் எதற்கு" என்று கேட்டதற்கு ஸ்ரீவைகுண்டத்தைச் சொல்லலாம். அது ஹால்ட் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர் உள்ள ஸ்டேஷன். 2023 டிசம்பர் 17 இரவு செந்தூர் எக்ஸ்பிரஸை அங்கே நிறுத்தி வைத்தார்கள், அப்பால் செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லி அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். 19-ஆம் தேதி வரை பயணிகள் அங்கேதான்.

நெடுவழி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஆளிருந்த ஸ்டேஷனுக்கான வாதம், தம்பி. போன் எடுக்க ஆளில்லாத ஹால்ட்டில் அதே வண்டி நின்றிருக்காது, தாண்டிப் போயிருக்கும். இருக்கிற கிராசிங் ஸ்டேஷனை ஹால்ட்டாகக் குறைக்கும்போது எதிர்க்க இதைப் பயன்படுத்துங்கள்.

கைகாட்டி

சரியாகச் சொன்னீர்கள்.

சந்தைப்பேட்டை

கடைசியாக ஒரு கேள்வி. பாதை மின்மயமான பிறகு பங்குனித் தேர் கேட்டைக் கடக்க முடியவில்லை. யாருக்கு எழுதணும்?

கைகாட்டி

மேலே 25,000 வோல்ட். இரண்டு மீட்டர் நெருக்கத்துக்குள் எதுவும் வரக்கூடாது, கம்பியைத் தொடவேண்டும் என்பதே இல்லை. கேட்டுக்கு இருபுறமும் உள்ள உயரத்தடுப்பு 4.67 மீட்டர். அதற்குக் கீழே அடங்கும் தேர் என்றால் வழக்கமான கேட் நடைமுறையே போதும். அதைவிட உயரம் என்றால் பவர் பிளாக் (குறித்த நேரத்துக்கு மேல்கம்பியின் மின்சாரத்தை நிறுத்துவது) வேண்டும்.

கோயில் செயல் அலுவலர் பெயரில் கோட்ட மேலாளருக்குக் கடிதம், இரண்டு மாதம் முன்பே. நகல் கோட்ட மின்பிரிவுக்கும் இயக்கப் பிரிவுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும். கேட் எண், தேதி, கடக்கும் நேரம், தேரின் அகலம், உயரம். உயரத்தைக் கலசத்தோடும் கலசம் இல்லாமலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். கலசத்தையும் குடையையும் கழற்றினால் தடுப்புக்குள் அடங்கும் என்றால் பிளாக்கே தேவைப்படாமல் போகலாம். கட்டணம் கேட்டால் முன்கூட்டியே கட்டணும்.

அன்றைக்கு மின்பிரிவு ஆட்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தி, கம்பியில் எர்த் கோலை (கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) மாட்டி, கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்த பிறகுதான் வடம் பிடிக்கணும். "கரண்ட் நிறுத்தியாச்சாம்" என்று யாரோ போனில் சொன்னதை வைத்து நகர்த்தக்கூடாது. நேரத்தையும் தாராளமாகக் கேளுங்கள். தேர் இருபது நிமிடத்தில் கடந்துவிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சக்கரம் தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொண்டு நின்றால் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையில் நிற்கும், அடுத்த வருடம் அனுமதி கிடைப்பது கஷ்டம். இடுக்கை நிரப்ப மரச்சட்டங்களை முந்தின நாளே பாதைப் பொறியாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், தேர் தாண்டியதும் அவற்றை எடுத்துவிட்டதை அவர் ஆளே பார்த்து உறுதிசெய்யணும்.